மட்டாஞ்சேரியில் அடக்கம் செய்த புத்தகம்

என் கடையில் பழைய புத்தகம் ஏதாவது கைதவறி விழுந்துவிட்டால், வெளிநாட்டு யூதர்கள் அதை எடுத்து முத்தமிடுகிறார்கள். ஊரில் நாம் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். இந்த மட்டாஞ்சேரிக்கு வந்து ஐம்பது வருஷத்துக்கு மேலாகிறது. எனக்கு இப்போது இரண்டும் வருகிறது. முதலில் முத்தம், அப்புறம் கண். பார்ப்பவர்கள் சிரிக்கட்டும். யூதத்தெருவில் சொந்தக் கட்டடத்தில் கடை வைத்திருப்பவன் எப்படி வேண்டுமானாலும் செய்யலாம்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தபோது நான் ஐந்தாம் வகுப்புகூட முடிக்கவில்லை. மிளகு மூட்டை சுமந்தேன். மிச்சமிருந்த யூதக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக இஸ்ரேலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் விட்டுப்போன அலமாரியையும் கட்டிலையும் மற்றவர்கள் விறகு விலைக்குக் கேட்டார்கள். நான் மரத்தைத் தட்டிப் பார்த்து வாங்கினேன். அந்தக் கை எனக்குப் பிறவியிலேயே உண்டு. அப்படி வாங்கிய ஓர் அலமாரியின் அடித்தட்டில் கிடந்ததுதான் ரப்பியின் பிரார்த்தனைப் புத்தகம். ரப்பி என்றால் அவர்களுடைய குரு. ஏடனிலிருந்து வந்து இங்கேயே கண்மூடிய அந்தப் பெரியவர் தலையில் கைவைத்தால் காய்ச்சல் இறங்கும் என்று தெருவே நம்பியதாம். முதல் பக்கத்தில் அவர் கையெழுத்து. உள்ளே பாதியைக் கரையான் தின்றுவிட்டது. ஆனாலும் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்த பிறகுதான் என் கடைக்குப் பெயர் வந்தது. விலைக்குக் கேட்ட யாருக்கும் கொடுத்ததில்லை.

போன மாசம் இஸ்ரேலிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். என்னைவிடக் கொஞ்சம் இளையவர். இதே தெருவில் பிறந்து, சின்ன வயதில் போனவர். அலமாரி அவர்கள் வீட்டுடையது. மலையாளத்தில்தான் பேசினார். என் மலையாளத்தைக் கேட்டதும் ஒரு மாதிரி பார்த்தார். தமிழனை இங்கே இளக்காரமாகப் பாண்டி என்பார்கள்.

"சேட்டன் பாண்டியாணோ?"

"ஆமா சேச்சி. நீங்க போன எடத்துக்கு வந்த பாண்டி."

சிரித்துவிட்டார். பிறகு புத்தகத்தைத் தரமுடியுமா என்று கேட்டார். அவர் ஊரில் காட்சிக்கு வைக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

"உங்க வீட்டுப் பொருள், கொண்டுபோங்க. கீழே என் பேரை மட்டும் பெருசா எழுதி வையுங்க."

"கொண்டுபோகானல்ல. இவிடெத் தன்னெ அடக்கணும்."

கொண்டுபோக இல்லையாம், இங்கேயே அடக்கவாம். சிதைந்து, ஓத முடியாமல் போன வேதப் புத்தகத்தை அவர்கள் எரிப்பதில்லை, எறிவதில்லை. மனிதரைப்போல மண்ணில் அடக்குவார்களாம். மண்ணுக்குள் யார் என் பெயரைப் படிப்பார்கள்?

"மரிச்ச ஆளெ இத்ர நாள் வெளியில வைக்காமோ சேட்டா?" என்றார் அவர்.

களமசேரிக் கல்லூரியில் படித்துவிட்டு இப்போது கடையைப் பார்க்கும் என் மகன் பாய்ந்தான். "அப்பா, மண்ணுல போடவா இத்தன நாள் காப்பாத்துனோம்? நாளைக்கு வர்றவன் இங்க என்னத்தப் பாப்பான்?"

நான் யோசித்தேன். ஏடன்காரர் ஒருவருக்காக மட்டாஞ்சேரி மண்ணைக் கேட்டு இஸ்ரேலிலிருந்து ஒருத்தி வந்து நிற்கிறாள். எனக்கு எந்த மண் என்பது என் வீட்டிலேயே முடிவாகவில்லை. ஊருக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்கிறான் அங்கே இருக்கும் தம்பி. இங்கேதான் என்கிறான் மகன்.

"என்னையப் பாப்பான்லே" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன்.

யூதர் கல்லறைத் தோட்டத்தில் குழியை நானே வெட்டினேன். இந்த வயதிலும் மூச்சு வாங்கவில்லை. அம்மாள் வெள்ளைத் துணியில் சுற்றிய புத்தகத்தை இறக்கி எபிரேயத்தில் ஓதினார். நான் எங்கள் வழக்கப்படி மூன்று பிடி மண் போட்டேன். அவர் என் கையையே பார்த்திருந்துவிட்டு, தானும் மூன்று பிடி போட்டார்.

வெளியே சாயாக்கடையில் நின்றோம். எங்கள் கைமண்ணைப் பார்த்துக் கடைக்காரர் கேட்டார்: "ஆரா மரிச்சது?"

"ஞங்ஙள்டெ ஒராள்" என்றார் அம்மாள்.

"எங்க ஆளு" என்றேன் நான், அதே நேரத்தில்.

கடைக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்து, இறந்தவர் இந்த ஊர்க்காரர்தானா என்று கேட்டார். "நாட்டுக்காரனாணோ?"

அம்மாளுக்கு அன்று சாயங்காலம் விமானம். அவர் கல்லறைத் தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். ரப்பி, அம்மாள், நான் என்று மூன்று பேருக்கும் சேர்த்து நான்தான் சொன்னேன்.

"பின்னே?"