வாவிக்கரையில் காலைக் குளிசை

நான் வேலை செய்யும் மட்டக்களப்பு டவுன் பாமசிக்கு வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் ஒரு ராத்தா வருவார். காத்தான்குடிக்காரர், எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அக்காமாரை ராத்தா என்போம். கணவர் கட்டாரில் இருக்க, இவர் வீட்டில் தையல் மெசின் வைத்துப் பெண்களுக்கு உடுப்புத் தைத்துக் கொடுக்கிறார். பஞ்சு, கட்டுத்துணி, ஸ்பிரிட், புண்ணுக்குப் பூசும் மருந்து என்று ஒரு பை நிறைய வாங்கி ஸ்கூட்டியில் கொழுவிக்கொண்டு போவார். ஒரு வீட்டுக்கு இவ்வளவு கட்டுத்துணி எதற்கு என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"வீட்டுக்கில்ல தங்கச்சி. பஸ் ஸ்டாண்டிலயும் மாக்கட்டிலயும் படுத்துக் கிடக்கிற ஆக்களுக்கு. நாளைக்கு விடிய வாங்களன், நீங்களும் பாக்கலாம்" என்றார்.

போனேன். ராத்தாவோடு இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள். சுடுதண்ணிப் போத்தல், சவர்க்காரம், நகம் வெட்டி, துவைத்த சாரங்கள் எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். மாக்கட்டின் பின்பக்கத்தில் காலில் பெரிய புண்ணோடு ஒருவர் இருந்தார். எத்தனையோ வருடமாக மருந்து விற்கிறேன், ஒரு புண்ணுக்குப் பக்கத்தில் குந்தியிருந்ததில்லை. மணம் தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ராத்தா ஒரு மட்டையைத் தரையில் போட்டு அவர் முன்னால் இருந்தார். புண்ணைப் பார்க்கவேயில்லை. "தேத்தண்ணி குடிச்சீங்களா? ராவு மழைக்கு எங்க ஒதுங்கின?" என்று கதைத்தார். அந்த மனிதர் தானாகவே காலை நீட்டிய பிறகுதான் துணியை அவிழ்த்தார். அடுத்த சனிக்கிழமையும் போனேன். அதற்கடுத்ததும் போனேன்.

இந்தக் கதை அப்படி ஒரு சனிக்கிழமையில் தொடங்கியது. மாரி முடிந்து வெயில் தலைகாட்டிய தை மாதம். பூட்டிக் கிடந்த ஒரு கடையின் தாழ்வாரத்தில் சாரத்தைத் தலைவரை இழுத்துப் போர்த்துக்கொண்டு ஒருவர் இருமிக்கொண்டிருந்தார். வயது அறுபதுக்குக் கிட்ட இருக்கும். தோள் எலும்பு துணிக்கு மேலால் தெரிந்தது. அந்த இருமலைக் கேட்டதும் எனக்கு மனம் திடுக்கிட்டது. பாமசியில் பாணி மருந்து கேட்டு வருகிறவர்களின் இருமல் இல்லை இது.

"எனக்கு ஒண்டும் வேணாம். நீங்க அங்கால போங்க புள்ள" என்றார் என்னிடம்.

ராத்தா எனக்கும் அவருக்கும் மாஸ்க் கொடுத்துத் தானும் கட்டிக்கொண்டு, சற்றுத் தள்ளி இருந்தார். "அண்ணன், சளியில ரெத்தம் வருதா?"

 அவர் ஓம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

அன்றைக்கே ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போனோம். சளியைச் சோதித்துப் பார்த்துவிட்டு வாட்டிலேயே தங்கவைத்துவிட்டார்கள். காசநோய். "சயரோகமா?" என்று அவர் கேட்டார். எங்கள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். டொக்டர் இளம் பெண், பொறுமையாக விளங்கப்படுத்தினார். மருந்தால் மாற்றக்கூடிய நோய்தான் இந்த வருத்தம். ஆறு மாதம் நாள் தவறாமல் குளிசை போட வேண்டும். இடையில் விட்டால் வருத்தம் திரும்பவும் வரும், பிறகு அந்தக் குளிசைக்கு அடங்காமலும் போகலாம். அதனால் ஒவ்வொரு நாளும் யாராவது பக்கத்தில் நின்று அவர் விழுங்குவதைப் பார்க்க வேண்டும்.

"வீட்டில ஆர் இருக்கிறாங்க?" என்று டொக்டர் கேட்டார்.

"வீடு இல்ல" என்றார் அவர்.

அதன் விவரத்தைப் பிறகொரு நாள்தான் சொன்னார். கல்யாணம் முடித்து மாங்கேணியில் மனைவி வீட்டில் இருந்தவர், கடற்தொழில். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் போகும். பிள்ளைகள் இல்லை. மனைவி காய்ச்சலில் போனதும் அந்த வீடும் வளவும் மனைவியின் தங்கச்சிக்கு என்று ஆனது. "ஆரும் என்னைப் போகச் சொல்லல்ல. அவள் இல்லாத வீட்டில சோத்துக்குக் கை நீட்ட எனக்கு மனம் வரல்ல. நானாத்தான் வெளிக்கிட்டன்." மட்டக்களப்புக்கு வந்து மீன் கூடை தூக்கியிருக்கிறார். இருமல் வந்தபின் வேலைக்குக் கூப்பிடுவாரில்லை.

வாட்டில் இருந்து விடும் நாள் வந்தபோது, இனி தொற்றாது என்று டொக்டர் சொன்னார். ஆனாலும் வருத்தத்தின் பெயரைக் கேட்டதும் இடம் தருவதாகச் சொன்னவர்கள் பின்வாங்கினார்கள். கடைசியில் வாவியில் மீன் பிடிக்கிற ஒருவர், பாலத்துக்குக் கிட்ட, தான் வலை வைக்கும் கொட்டிலில் படுக்கலாம் என்றார். நாலு பக்கமும் காற்று வரும் கொட்டில். நெஞ்சு வருத்தக்காரருக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று ராத்தா சந்தோசப்பட்டார். குளிசை கொடுக்கும் பொறுப்பையும் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். செவ்வாயும் வெள்ளியும் என் முறை. மற்ற நாளெல்லாம் ராத்தா, வெயில் ஏறுமுன் காத்தான்குடியிலிருந்து ஸ்கூட்டியில் வந்துவிடுவார்.

தொடக்கத்தில் வருத்தக்காரருக்கு இது பிடிக்கவில்லை. "நான் என்ன கள்ளனா, வாயைத் திறந்து காட்டுறதுக்கு?" என்று ராத்தாவோடு கோபித்தார்.

"தனியாப் போட்டா ஒரு நாள் மறக்கும் அண்ணன். ரெண்டு பேர் இருந்தா மறக்காது. எனக்கும் இந்தக் காத்துப் பிடிக்குது, கொஞ்சம் இருந்துட்டுப் போறனே" என்றார் ராத்தா. சொன்னது போலவே வாவியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவர் பேசினால் பேசினார். அவர் பேசாவிட்டால் தானும் பேசாமல் இருந்துவிட்டு எழுந்து போனார்.

குளிசையால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது. ரத்தம் என்று பயந்து, விடியும்வரை கண் மூடாமல் இருந்திருக்கிறார். என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டு, வலைக்காரரிடம் சொல்லி அவர் என்னிடம் சொன்னார். "அது ரெத்தமில்ல, குளிசையின்ட நிறம்" என்று அவரிடம் போய்ச் சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல்.

நோன்பு மாதம் வந்தது. ராத்தா வருவதை நிறுத்தவில்லை. வெறும் வயிற்றில் குளிசை போட்டால் அவருக்குக் குமட்டும் என்று இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு வருவார். தான் பச்சைத் தண்ணியும் வாயில் வைக்காத நாளில், அடுத்தவர் சாப்பிட்டு முடியும்வரை காத்துக்கொண்டிருப்பார். ஒரு வெள்ளிக்கிழமை என் முறையில் ராத்தாவும் சும்மா வந்திருந்தார். ராத்தா நோன்போடு வருகிறார் என்பது அன்றுதான் அவருக்குத் தெரிய வந்தது. பார்சலை மூடிவிட்டார்.

"நீங்க நோன்போட இருக்க நான் எப்படித் தின்னுற? எனக்கு இறங்காது தங்கச்சி."

"நீங்க தின்னாட்டி குளிசை இல்ல. குளிசை போடாட்டி நான் பின்னேரம் நோன்பு திறக்கக்குள்ள உங்கட நினைப்புத்தான் வரும். என்னைக் கரைச்சல் படுத்தாமத் தின்னுங்க அண்ணன்."

அவர் மறுபக்கம் திரும்பி இருந்து தின்றார். கண்ணைத் துடைத்ததை நாங்கள் இருவரும் காணாதது போல் இருந்தோம்.

இப்படி மெல்ல மெல்ல அவர் உடம்பில் சதை பிடித்தது. வலைக்காரருக்குக் கிழிந்த வலை பொத்திக் கொடுக்கத் தொடங்கினார். வெக்கையான கச்சான் காற்று வீசத் தொடங்கிய ஒரு செவ்வாய்க்கிழமை நான் போனபோது கொட்டில் வெறுமையாகக் கிடந்தது. பாய் சுருட்டி வைத்திருந்தது. வலைக்காரருக்கும் தெரியவில்லை. வெயில் சுடும்வரை நின்று பார்த்துவிட்டு ராத்தாவுக்குப் போன் எடுத்தேன். அன்று முழுக்க அவர் ஸ்கூட்டியில் டவுனைச் சுற்றினார். பஸ் ஸ்டாண்ட், மாக்கட், கோயில் வாசல், சேர்ச் மதிலோரம் என்று ஓரிடம் விடவில்லை. பொழுதுபடும் நேரம் பஸ் ஸ்டாண்டில் லொத்தர்ச் சீட்டு விற்கும் பெண் ஒருவர் சொன்னார்: "அந்த அண்ணன் நேத்துப் பகல் வாகரை பஸ்ஸில ஓடி ஏறினவர். அழுதுகொண்டு போனவர்."

வாகரை பஸ்தான் மாங்கேணியால் போகும். அடுத்த நாள் நான் லீவு எடுத்தேன். ராத்தா ஒரு கல்யாண உடுப்பைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். கைப்பையில் அவருக்குக் கொடுக்கவேண்டிய குளிசைகள். பஸ்ஸில் இருவரும் அதிகம் கதைக்கவில்லை. மருந்தை விட்டுவிட்டுப் போய்விட்டாரோ, இத்தனை மாதம் பட்ட பாடு வீணோ என்று எனக்குள் கோபம்கூட வந்தது. வழியில் ராத்தாவின் போன் அடித்தது. காசநோய்க் கிளினிக் மிஸ், குளிசை தருகிற நேர்ஸ்.

"நேத்துப் பின்னேரம் ரெண்டு தரம் எடுத்தன் ராத்தா, நீங்க தூக்கல்ல. உங்கட ஆள் வாகரைப் பக்கத்து ஆசுபத்திரிக்குப் போயிரிக்கார். எனக்குச் சயரோகம், இண்டையக் குளிசை இன்னும் போடல்ல, தாங்க எண்டு கேட்டிரிக்கார். அவங்க எங்களுக்குப் போன் எடுத்துக் கேட்டுட்டுக் குடுத்தாங்க. மாங்கேணியில ஒரு செத்த வீட்டில நிக்கிறாராம்."

ராத்தா போனை மடியில் வைத்தார். முக்காட்டின் நுனியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் கண்டதேயில்லை. முன் சீட்டில் இருந்த அம்மா திரும்பி, "ஆரும் மோசம் போயிட்டாங்களா புள்ள?" என்று கேட்டார். "இல்ல உம்மா, நல்ல சேதிதான்" என்றார் ராத்தா.

மாங்கேணியில் செத்த வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை, வெள்ளைக்கொடி கட்டிய வளவு ரோட்டிலிருந்தே தெரிந்தது. இறந்தவர் அவருடைய மனைவியின் தங்கச்சி புருசன். மீன் லொறிக்காரர் ஒருவர் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது, கேட்டதும் எங்களுக்குச் சொல்ல நினைவில்லாமல் ஓடியிருக்கிறார். வளவுக்கு வெளியே பூவரச மரத்தின் கீழ் தனியாக இருந்தவர் எங்களைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"ஏசாதீங்க தங்கச்சி. நேத்தையக் குளிசையும் போட்டன், இண்டையதும் போட்டன்" என்றார்.

"ஏன் வெளியில இருக்கிறீங்க?" என்று நான் கேட்டேன்.

பதிலை உள்ளேயிருந்து வந்த அவர் மனைவியின் தங்கச்சி சொன்னார். அழுது அழுது குரல் அடைத்துப் போயிருந்தது. "அத்தான் வந்ததும் வாசல் படலையடியில நிண்டுட்டார். எனக்குச் சயரோகம் வந்தது, மருந்தெடுக்கிறன், இப்ப தொத்தாது எண்டு டொக்டர் சொன்னவ, எண்டாலும் சின்னப் பிள்ளைகள் கிடக்கிற வீடு, நான் வெளியிலதான் படுப்பன் எண்டார். அவ்வளவு சனத்துக்கு முன்னாலயும் சத்தமாச் சொன்னவர் அக்கா."

எங்கள் ஊரில் இந்த வருத்தத்தை எப்படி மறைப்பார்கள் என்று பாமசிக்காரியான எனக்குத் தெரியும். பொம்பிளைப் பிள்ளைகளுக்குக் கல்யாணம் சரிவராது என்று, துண்டில் மருந்தின் பெயரை எழுதியெடுத்து, சேலைத் தலைப்புக்குள் வைத்துக் கொண்டுவருகிற தாய்மாரைக் கண்டிருக்கிறேன். இவரிடம் இழக்க ஒன்றுமில்லை என்று யாராவது சொல்லலாம். நான் சொல்லமாட்டேன். தன்மானம் பார்த்து எந்த வளவை விட்டு வெளிக்கிட்டாரோ, அந்த வளவின் படலையில் நின்று சொல்லியிருக்கிறார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு வயதான மீனவர் ராத்தாவுக்குக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் கனகாலமா இருமல், மகள்." ராத்தா மணலில் இருந்து விசாரித்தார். பிறகு ஒருநாள் சோதித்ததில் அவருக்குக் காசநோய் இல்லை, சுருட்டு செய்த வேலை. ஆனால் அவர் கேட்க வந்தாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

"இனி இஞ்சயே இரிங்க அத்தான். அக்காட வீடுதானே" என்று அந்தத் தங்கச்சி சொன்னார்.

"எட்டாம் நாள் சடங்குக்கு வருவன். மருந்து முடியட்டும், மறுகா யோசிப்பம்" என்று சொல்லிவிட்டுப் பின்னேர பஸ்ஸில் எங்களோடு திரும்பினார். ஆறு மாதமும் முடிந்து, கடைசிச் சளிச் சோதனையும் சுத்தம் என்று வந்த நாளில் ராத்தா இனிப்புக்கு வட்டிலப்பம் செய்துகொண்டு வந்தார். வாவிக்கரையில் வலைக்காரரோடு சேர்ந்து நாலு பேரும் தின்றோம்.

எல்லோருக்கும் இப்படி முடியவில்லை. நான் முதல்நாள் முகம் திருப்பிய அந்தப் புண்காரருக்குக் காலை எடுக்க வேண்டி வந்தது. இன்னொருவர் நாங்கள் போய்ச் சேருமுன்பே சேர்ச் மதிலோரத்தில் இறந்து கிடந்தார். அந்தக் கிழமையும் ராத்தா சனிக்கிழமை வந்து நின்றார்.

வாவிக்கரையில் குளிசை போட்டவர் இப்போது மாங்கேணியில், அதே வளவில் ஒரு சின்னக் குடில் போட்டு இருக்கிறார். கரைவலைக்குப் போகிறார். சனிக்கிழமைகளில் முதல் பஸ்ஸில் வந்து எங்களோடு சேர்ந்துகொள்கிறார். போன மாதம் மாக்கட்டில் ஒரு அம்மா, இருமிக்கொண்டே, நாங்கள் கிட்டப் போனதும் கையில் கிடைத்ததைத் தூக்கி எறிந்தார். ராத்தாவின் பேச்சுக்கும் மசியவில்லை. இவர் போய்ச் சற்றுத் தள்ளி இருந்தார்.

"எனக்கும் வந்ததுதான் அம்மா. அந்தா, அந்தக் கடைத் தாழ்வாரத்திலதான் சாகக் கிடந்தன்."

அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "பொய் சொல்லுறாய். உன்னைப் பாத்தா வருத்தக்காரன் மாதிரி இல்ல."

"அதுதான் சொல்லுறன்" என்றார் அவர்.

 அம்மா தன் துணி மூட்டையை அவர் பக்கம் தள்ளிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஆசுபத்திரிக்குப் போக ஆட்டோ பிடிக்க ராத்தா ரோட்டுக்கு ஓடினார்.