அப்பா ஆடிய மேட்ச்

அண்ணன் இறந்த மறுவருடம் அப்பா கிரிக்கெட் ஆடப் போனார். அதற்கு முன் அவர் மட்டையைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

கொள்ளேகால் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக மைசூருக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அப்பா ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். கிரிக்கெட் என்றாலே அவருக்கு ஆகாது. பள்ளி அணியில் அண்ணன் ஆடுகிறான் என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டில் திட்டு ஓயவில்லை. அவன் ஆடுவதை ஒருநாள்கூட அவர் போய்ப் பார்க்கவும் இல்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும்போது, மழைக்காலத்தில் மூளைக்காய்ச்சல் கண்டு அண்ணன் போய்விட்டான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

எங்கள் தெருக்கோடியில் இருந்த பேங்க் குமாஸ்தா ஒரு கிளப் வைத்திருந்தார். கிளப் என்றால் சொந்தமாக மைதானமோ கட்டடமோ கிடையாது. நீளமான கித்தான் பை ஒன்றுதான் அதன் சொத்து. டெய்லர், மருந்துக்கடைக்காரர், தாலுகா ஆபீஸ் பியூன் என்று பலதரப்பட்ட ஆட்கள் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறுவார்கள். நஞ்சன்கூடு, குண்டலுபேட்டை என்று கூப்பிட்ட ஊருக்கெல்லாம் போய், பெரும்பாலும் தோற்றுவிட்டு, சந்தோஷமாகத் திரும்பி வருவார்கள்.

ஒருநாள் சாயங்காலம் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு குமாஸ்தா வீட்டுக்குப் போனார். பேச்செல்லாம் கன்னடத்தில்தான். தன்னையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். ஆட வருமா என்று பேங்க்காரர் கேட்டதற்கு, வராது என்றார். பிறகு, அண்ணன் படித்த பள்ளியின் பெயரைச் சொல்லி, அந்த டீமோடு உங்களுக்கு மேட்ச் உண்டா என்று கேட்டார். பொங்கல் கழித்து ஒன்று இருக்கிறது, வாருங்கள் என்றார் பேங்க்காரர்.

அண்ணனின் வெள்ளைப் பேண்ட்டைத்தான் அப்பா போட்டுக்கொண்டார். அம்மா அதன் மடிப்பைப் பிரித்து நீளமாக்கித் தைத்துக் கொடுத்தாள். அப்படியும் கணுக்கால் தெரிந்தது. மைதானம் வரையில் நான் அந்தக் கணுக்காலைப் பார்க்காமலேயே நடந்தேன்.

முதலில் பள்ளிப் பையன்கள் ஆடினார்கள். கிளப் ஆட்கள் ஃபீல்டிங்குக்கு இறங்கும்போது அப்பா மட்டும் எதிர் அணிப் பையன்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனார். அங்கே மஞ்சு இருந்தான். அண்ணனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். எங்கள் வீட்டில் சாப்பிட்டுச் சாப்பிட்டே தமிழ் கற்றுக்கொண்டவன்.

"அவன் எங்க நிப்பான் மஞ்சு?"

மஞ்சு கையை நீட்டித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் காட்டினான். அப்பா அங்கே போய் நின்றுகொண்டார். பந்து வந்தபோது குனியத் தெரியாமல் குனிந்தார். அது கால்களுக்கு நடுவே புகுந்து ஓடியது. ஒரு சின்னப் பையன் சிரித்தான். பெரிய பையன் ஒருவன் அவன் தோளைப் பிடித்து அழுத்தினான். எனக்கு எழுந்து வீட்டுக்கு ஓடிவிட வேண்டும்போல் இருந்தது.

கிளப் ஆடும் முறை வந்தது. அப்பா கடைசி ஆள். அவர் இறங்கும்போதே தோற்பது முடிவாகிவிட்டது. பந்து மஞ்சுவின் கையில் இருந்தது. விளையாட்டு வாத்தியார் அவன் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். மஞ்சு ஓடி வராமல், நின்ற இடத்திலிருந்தே குழந்தைக்குப் போடுவதுபோல் மெதுவாகப் போட்டான். அப்பா வீசினார். படவில்லை. அடுத்ததும் அப்படியே.

அப்பா மட்டையோடு மஞ்சுவை நோக்கி நடந்தார். மைதானமே ஓய்ந்து போயிருந்ததால் அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

"அவனுக்கு எப்படிப் போடுவியோ, அப்படிப் போடு சாமி."

"வேண்டாம் அங்கிள். அடி பட்டா?"

"படட்டும். போடு."

மஞ்சு பின்னால் போனான். வெகுதூரம் போய்த் திரும்பி ஓடி வந்தான். பந்தை நான் பார்க்கவில்லை. அப்பாவுக்குப் பின்னால் நடு ஸ்டம்ப் பிடுங்கிக்கொண்டு போய் விழுந்ததைத்தான் பார்த்தேன். ஜெயித்த பையன்கள் ஒருவரும் கைதட்டவில்லை. மஞ்சு போட்ட இடத்திலேயே உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அப்பா மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவனிடம் போனார். அவன் தலையில் கை வைத்தார்.

"நீ சொல்லு. இதை அவன் ஆடியிருப்பானா?"

மஞ்சு மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். "ஆடிருப்பான் அங்கிள். நேரா அடிச்சிருப்பான். அப்படி."

அவன் காட்டிய திசையில் அப்பா பார்த்துக்கொண்டே நின்றார். அங்கே வேலியும் ரோடும்தான் இருந்தன. பேங்க்காரர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் அவர் நகர்ந்தார்.

அதற்குப் பிறகு அப்பா எந்த மேட்சுக்கும் போகவில்லை. முட்டை போட்ட வெட்கத்தில்தான் விட்டுவிட்டார் என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் தோழிகள் கேட்டபோது அப்படித்தான் சொன்னேன்.

அன்று வீட்டுக்கு வந்து அவர் கை கால் கழுவும்போது அம்மா துண்டோடு பக்கத்தில் நின்றாள். அண்ணன் போனதிலிருந்து அவர்கள் இருவரும் அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

"எங்கீங்க நின்னீங்க?"

"தண்ணித் தொட்டிகிட்ட. அங்கதான் நிப்பானாம். அங்கிருந்து பாத்தா சாமுண்டி மலை நேரா தெரியுது."

"நெழல் இருக்குதுங்களா?"

"ஒரு மரங்கூட இல்லெ. காலையிலருந்தே வெயிலு மொகத்துலயே அடிக்குது."

அம்மா துண்டை நீட்டினாள். "அதானுங்க, அப்படிக் கறுத்துப்போயி வருவான்."

அப்பா துண்டை வாங்கி முகத்தை மூடிக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார். யார் ஜெயித்தார்கள் என்று அம்மா கேட்பாள், அப்பா ஒரு ரன்கூட எடுக்கவில்லை என்று நான்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று கதவோரம் காத்துக்கொண்டு நின்றேன். அவள் அதைக் கேட்கவே இல்லை. இவ்வளவு பெரிய விஷயத்தை எப்படி மறந்தாள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.