ஏரலில் கொழுப்பு

செய்தித்தாளில் மருத்துவப் பக்கம் பார்ப்பவனுக்கு வியாதி வருகிறதோ இல்லையோ, தொலைபேசி வரும். இந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஓர் எழுத்து

‘ஈரலில் கொழுப்பு கூடுவது ஏன்?’ என்பதுதான் தலைப்பு. அச்சில் ‘ஈ’ போய் ‘ஏ’ வந்துவிட்டது. ஆற்றங்கரையில் ஏரல் என்று ஓர் ஊர் இருப்பதும், கொழுப்புக்குத் திமிர் என்றொரு பொருள் இருப்பதும் புரூஃப் பார்க்கும் செல்விக்கும் தெரியும். என்ன செய்ய? விடிந்ததும் முதல் அழைப்பு, ஏரலில் வாழைத்தார் வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவரிடமிருந்து.

“ஏரல்ல கொழுப்பு கூடிட்டுன்னு போட்டிருக்கீரே, ஆத்துக்கு அக்கரையில மட்டும் கொறஞ்சா கெடக்கு வே?”

மூன்று சீப்பு

மறுநாள் திருத்தம் போட்டோம். அண்ணாச்சி விடவில்லை, அலுவலகத்துக்கே வந்துவிட்டார். ‘நம் உடலே கொழுப்பு அமிலங்களைத் தயாரிக்கிறது’ என்ற வரியின் கீழ் பேனாக் கோடு போட்டிருந்தார். அமிலம் என்றால் கக்கூஸ் கழுவும் ஆசிட்தானே, அது எப்படி உடம்புக்குள் ஊறும் என்பது அவர் சந்தேகம். புளியில் இருப்பதும் அமிலம்தான் என்றேன். பிறகு, கட்டுரை எழுதிய டாக்டர் எனக்கு விளக்கியதை வாழைக்கு மாற்றிச் சொன்னேன்: கொழுப்பு ஒரு தார் என்றால் அமிலம் அதன் சீப்பு, ஒரு தண்டில் மூன்று சீப்பு சேர்ந்தால் கொழுப்பு. அவர் முகம் சுளித்தார்.

“மூணு சீப்புத் தாரை எவன்வே வாங்குவான்?”

உள்ளூர்த் தோட்டம்

அதன்பிறகுதான் வந்த காரியம் வெளியே வந்தது. சாத்தான்குளத்தில் இருக்கும் தம்பிக்கு ஈரல் கெட்டுவிட்டது. அண்ணன் தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். ஆனால் அதிலும் கொழுப்பு. அதைக் குறைத்துக்கொண்டு வந்தால்தான் ஆபரேஷன் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து இவர் எண்ணெயைத் தொடவில்லை. மறு ஸ்கேனில் கொழுப்பு அப்படியே இருந்தது. “பொறவு அது எங்கன இருந்து வருது?” என்று கேட்டபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். பொரியலும் மீனும் போன இடத்தில் கூடுதல் சோறு, கருப்பட்டிக் காப்பி, நன்னாரி சர்பத், கடையில் கனிந்து உதிரும் பழம். எண்ணெய் மட்டுமல்ல, மிஞ்சுகிற மாவையும் இனிப்பையும்கூட ஈரல் கொழுப்பு அமிலமாக்கும். தார் கட்டி இடுப்புக்குக் கொஞ்சம் அனுப்பிவிட்டு மீதியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் என்றேன். எதை எவ்வளவு குறைப்பது என்பதை மதுரை டாக்டரிடமே கேட்கச் சொன்னேன். கோடு போட்ட தாளை மடித்துப் பையில் வைத்தார்.

“அப்போ வெளியூர்ச் சரக்கை நிறுத்திப்புட்டு, உள்ளூர்த் தோட்டத்துக்கு நானே தண்ணி பாய்ச்சியிருக்கேன்.”

ஏறுமுகம்

சர்பத் நின்றது. சோறு பாதியானது. காலையில் ஆற்றுப் பாலத்தில் நடை. கூடவே எரிச்சல். அவர் மனைவி எங்கள் புரூஃப் செல்வியைத் தொலைபேசியில் பிடித்தார்.

“ஈரல் கொழுப்பு எறங்குதோ என்னமோ, அவ்வளவும் வாய்க்கு ஏறுது தாயி.”

திருத்தம்

அடுத்த ஸ்கேனில் அண்ணாச்சி தேறிவிட்டார். ஆபரேஷன் முடிந்து, இருவரும் நடமாடத் தொடங்கியபின் ஒருநாள் சேர்ந்து வந்தார்கள். அண்ணன் ஒரு தாரை என் மேஜைமேல் கிடத்தி, மூன்று சீப்புக்கு மேல் இருக்கிறதா பார்த்துக்கொள்ளச் சொன்னார். தம்பி சட்டையின்மேல் வயிற்றைப் பைய தடவிக்கொண்டே கேட்டார்.

“சாத்தான்குளத்துலயும் இப்ப ஏரல் கொழுப்புதான்னு ஒரு செய்தி போடுங்க அண்ணாச்சி.”

எங்கள் பக்கத்தில் வந்த பிழைகளில், திருத்தம் போட்டிருக்க வேண்டாமே என்று நான் நினைப்பது அது ஒன்றைத்தான்.