சுறாவுக்கு அடியில் ஒரு போர்மேன்

இன்னைக்கு சிவகாசி ரோட்டுல போட்டிருக்கிற பொருட்காட்சிக்குப் போனோம். கண்ணாடிச் சுரங்கத்துக்குள்ள நாம நடக்க, தலைக்கு மேல கடல் மீன் நீந்துது.

எங்க வீட்டுக்காரர் தாயில்பட்டி பக்கம் பட்டாசுக் கம்பெனியில போர்மேன். அங்க ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல விடமாட்டார்.

வாசல்லயே டிக்கெட் கிழிக்கிறவரை மடக்கிட்டார்.

"உள்ள எம்புட்டு பேரு இருக்காக?"

"யாருண்ணே எண்ணுனா?"

"இன்னொரு வாசல் எங்கன இருக்கு?"

"மீனு பாக்க வந்தீகளா, வாசல் பாக்க வந்தீகளா?"

உள்ள போனா, பெரிய சுறா ஒண்ணு வயித்தைக் காட்டிக்கிட்டு மேல போகுது. எல்லாரும் அண்ணாந்து பார்க்க, இவர் தலைகளை எண்ணிக்கிட்டு வர்றார்.

"ஏங்க, சுறாங்க!"

"ம். நாப்பத்திரெண்டு."

அந்நேரம் பார்த்து கரண்ட் போச்சு. கும்மிருட்டு. பிள்ளைங்க அழ, பின்னாடி இருந்தவங்க நெருக்க ஆரம்பிச்சாங்க.

"யாரும் ஓடாதீக! இடது கைப்பக்கம் வாசல் இருக்கு. பிள்ளைகள முன்னால விடுங்க!"

சந்தேகமே இல்ல, இவரோட கம்பெனிக் குரல். நாப்பத்திரெண்டு பேரும் வரிசையா வெளிய வந்துட்டோம். டிக்கெட் கிழிச்சவர் ஓடி வந்து, "அண்ணே, காப்பி சாப்பிடுறீகளா?"ங்கிறார்.

வீட்டுக்கு வந்து அவர் போன்ல எடுத்த படங்களைப் பார்த்தேன். சுறா ஒண்ணுகூட இல்ல. 'வெளியே செல்லும் வழி' போர்டுதான், நாலு கோணத்துல. விழுந்து விழுந்து சிரிச்சாச்சு.

அவர் சட்டையில ஒரு பட்டனைக் காணோம். இருட்டுல அந்தச் சட்டையை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு வந்தது யாருன்னு மட்டும் கமெண்ட்ல கேட்டுராதீங்க.