மீன் முன்னால் நின்றால் ஷர்லி வீட்டில் இருக்கிறாள்

ஷர்லியின் புருஷன் ஜெரால்டு கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவனாக இருந்திருந்தால் விஷயம் சுலபமாக முடிந்திருக்கும்.

அவனுக்குச் சிங்கப்பூரில் கட்டட வேலை. அடுக்குக் கட்டில் போட்ட அறையில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள். போன லீவில் இலுப்பூர் வந்தவன் திருச்சியிலிருந்து ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கிவந்து ஹாலில் வைத்தான். அதில் நியான் டெட்ரா மீன்களை விட்டான். சுண்டுவிரலில் பாதிகூட இருக்காது. உடம்பில் நீலக்கோடு, வால் பக்கம் சிவப்பு. இந்த மீனை நாலைந்தாக விட்டால் பயந்துபோய் செடிக்குள் ஒளிந்துகொள்ளும், தீனி எடுக்காமல் செத்தும் போகும். கூட்டம் வேண்டும் அதற்கு. அதனால் ஒரு முப்பதை விட்டான். எங்கள் ஊர் போர் தண்ணீர் அதற்கு ஆகாது. குழாய்த் தண்ணீரில் குளோரின், அதுவும் ஆகாது. கேன் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். ஷர்லி போர் தண்ணீரில் சமைத்தாள். மீன் கேன் தண்ணீரில் நீந்தியது.

கிளம்புவதற்கு முன்னால் தொட்டியின் முன்கண்ணாடியை ஒட்டி ஒரு கேமரா மாட்டினான். சிங்கப்பூரில் இருந்தபடி போனில் பார்க்கலாம், பகலில் பதிந்ததையும் ஓட்டிப் பார்க்கலாம். ஷர்லியின் முகம் மாறியதைக் கவனித்தான்.

"ஒன்னையப் பாக்குறதுக்கு இல்ல. தொட்டிய மட்டுந்தான் காட்டும். அங்க வேலை முடிஞ்சு வந்து படுத்தா பாக்குறதுக்கு என்ன இருக்கு?" என்றான்.

பொய் சொல்லவில்லை. கேமராவில் கதவு தெரியாது, நாற்காலி தெரியாது, முன்னால் நிற்கிற ஆள் தெரியாது, சத்தமும் கேட்காது. தொட்டி மட்டும்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் ஷர்லி விராலிமலைப் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் இருந்தாள். கக்கூஸுக்குப் போக டோக்கன் வாங்க வேண்டும் என்று கம்பெனி சட்டம் போட்டபோது, மிஷினை நிறுத்திவிட்டு மானேஜர் அறை வாசலில் போய் நின்ற எங்களில் அவள் முதல் ஆள். டோக்கன் ஒழிந்தது. பிறகு கல்யாணம் வந்தது, வேலை நின்றது. பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஊர் பேசியது போதும், நான் பேசப்போவதில்லை.

இந்த வருஷம் அந்தப் பக்கம் புதிதாக வந்த ஒரு கம்பெனி அவளை லைன் சூப்பர்வைசராகக் கூப்பிட்டது. வேன் தெருமுனைக்கே வரும். ஜெரால்டிடம் கேட்டாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"அப்ப மீன யாரு பாத்துக்குறது?"

வேண்டாம் என்பவனோடு சண்டை போடலாம். எத்தனை முதலாளிகளோடு போட்டிருக்கிறோம். மீனை யார் பார்ப்பது என்று கேட்கிறவனோடு எதை வைத்துப் போடுவது? காலையிலும் சாயங்காலமும் ஒரு சிட்டிகை தீனி போட வேண்டும். கரண்ட் போனால் காற்று பம்பை பேட்டரிக்கு மாற்ற வேண்டும். கரண்ட் எப்போது போகும் என்று எவனுக்குத் தெரியும்? அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த நியாயம்தான் அவளை உள்ளே வைத்துப் பூட்டியது.

பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டு இருந்தது பின்னால்தான் தெரிந்தது. ஒருநாள் அரிமளத்தில் சித்தி வீட்டுக்குப் போய்வந்தாள். புருஷனிடம் சொல்லும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. சாயங்காலம் போன் செய்தவன், பகலில் வீட்டில் இல்லையா என்று கேட்டான். எப்படித் தெரியும் என்றாள்.

"ஆளு இருந்தா மீனெல்லாம் முன்னால வந்து கூட்டமா நிக்கும். இன்னிக்கி பூராவும் பின்னாடி செடிக்குள்ள கலைஞ்சு கெடந்துச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். மீனை இவ்வளவு படித்துவைத்திருக்கிறோம் என்ற பெருமை அவனுக்கு.

அன்றிலிருந்து கடைக்குப் போனால் ஓட்டமாகத் திரும்பினாள். கொல்லையில் துணி துவைத்தால் நடுவில் எழுந்துவந்து தொட்டி முன்னால் நின்றுவிட்டுப் போனாள். அவளைக் கண்டதும் மீன்கள் கண்ணாடிக்கு ஓடிவரும். சம்பளம் இல்லாத முப்பது கங்காணிகள்.

பக்கத்து வீட்டு மீனம்மாள் வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். அவளிடம் ஷர்லி எல்லாவற்றையும் கொட்டினாள்.

"ஏத்தா, ஒன் மூஞ்சிக்கும் என் மூஞ்சிக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியுமா? ஒரு ஆளு நின்னாப் போதும்ல. நான் மிஷின இங்கிட்டு தூக்கியாந்து போட்டுக்குறேன். நீ வேனுல ஏறு" என்றாள் மீனம்மாள்.

கேமராவுக்குத் தெரியாத பக்கமாக மிஷினைப் போட்டார்கள். முதல் நாள் மிஷின் சத்தத்துக்கு மீன்கள் மிரண்டு ஒளிந்தன. அப்புறம் பழகி, மீனம்மாள் எழுந்தாலே முன்னால் வந்தன. தீனியும் அவளே போட்டாள், பம்பையும் அவளே பார்த்துக்கொண்டாள். ஷர்லி வேலைக்குப் போனாள். ஜெரால்டு மீன் நன்றாக இருக்கிறது என்றான்.

ஜெயித்துவிட்டதாக நினைத்தாள். ஒளித்துவைக்க வேண்டிய வெற்றி என்ன வெற்றி? சாயங்கால வேன் தாமதமானால், அவன் போன் வருவதற்குள் தெருமுனையிலிருந்து வீட்டுக்கு ஓடினாள். லைனில் இருக்கும் பெண்களைப் பற்றிச் சொல்ல வாய் வரும், மூடிக்கொள்வாள். இன்றைக்கு என்ன செய்தாய் என்று அவன் கேட்டால், சும்மாதான் இருந்தேன் என்பாள். நாள் முழுக்க நின்று கால் வீங்கிப்போய், சும்மா இருந்தேன் என்று சொல்லிப் பாருங்கள். முன்பு வீட்டில் மட்டும்தான் அடைபட்டிருந்தாள். இப்போது வாயும் அடைபட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெரால்டு போனில் ரொம்பப் பிரியமாகப் பேசினான்.

"இப்பல்லாம் மீனு செடிப் பக்கமே போறதில்ல. நீ அதுங்க கூடயே கெடக்குற போல. பாத்துக்கிட்டே படுத்திருப்பேன். ஒன்னையவே பாத்த மாதிரி இருக்கும்."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"அது நான் இல்லைங்க. மீனம்மாக்கா. நான் கம்பெனிக்குப் போயிக்கிட்டு இருக்கேன். அந்த மீனு எனக்காக முன்னால வரல, தீனிக்காக வருது. யாரு நின்னாலும் வரும்."

 

"அப்ப இத்தன நாளா நான் மீனம்மாவையா பாத்துக்கிட்டு இருந்தேன்?"

வேறொரு சமயமாக இருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள்.

"நாளைக்குப் போகாத. நான் யோசிச்சு சொல்றேன்" என்றான்.

"யோசிங்க. காலையில எட்டு மணிக்கு வேன் வந்துரும்" என்றாள் ஷர்லி.

போனை வைத்துவிட்டான்.

மறுநாள் வேன் வந்தது, ஏறினாள். பாதி வழியில் போன் அடிக்க ஆரம்பித்தது. நின்றது, மறுபடி அடித்தது. பக்கத்தில் இருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள். அவள் எடுக்கவில்லை.

அந்தக் கம்பெனியில் போனை கேட்டிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். செக்யூரிட்டி கையை நீட்டியபோதும் அது அடித்துக்கொண்டிருந்தது. பெயரைப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் போல, பேசிவிட்டே தாம்மா என்றார் அந்த மனிதர்.

"பேசுனா திரும்பிப் போயிருவேண்ணே. வாங்கி வச்சுக்கங்க."

கொடுத்துவிட்டு உள்ளே நடந்தாள். ஷிப்ட் முடிகிற வரைக்கும் அந்த கேட் திறக்காது. அது தெரிந்துதான் போனாள்.