குறுக்குப்பாதைப் பலகை

மகள் பிரஷ்ஷால் எழுதிப் பழகுகிறாள். வீடெல்லாம் டர்பன்டைன் வாடை. எனக்கு அந்த வாடையே ஆகாது.

ஏற்காட்டில் அம்மா காபிப்பழம் பறித்த எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர், ஏழாவது படித்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு ஒரு தகரப் பலகையும் பிரஷ்ஷும் கொடுத்தார். அதுவரை நான் பிரஷ்ஷைத் தொட்டதில்லை. பெயின்டில் டர்பன்டைன் அதிகமாகி, முதல் தடவை எழுத்தெல்லாம் ஒழுகிவிட்டது. துடைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி எழுதினேன். 'கூலியாட்கள் இவ்வழியே வரக் கூடாது.' ழகரத்தின் சுழி சரியாக வந்துவிட்ட சந்தோஷம்தான் எனக்கு.

பங்களாவை ஒட்டிய குறுக்குப்பாதையில் அதை நட்டார்கள். படிக்கத் தெரியாத அம்மா வந்து தடவிப் பார்த்தாள்.

"நொம்ப அழகா இருக்குது கண்ணு. என்ன எழுதியிருக்குற?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. "எஸ்டேட் பேருங்கம்மா" என்றேன்.

மறுநாள் காலை கூடையோடு அந்தப் பாதையிலேயே போனாள். "உம்மவ எழுதுனதுதானே? உனக்குப் படிச்சுச் சொல்லலையா?" என்று எல்லோர் முன்னாலும் ரைட்டர் கத்தினார். அம்மா திரும்பிச் சுற்றுவழியில் நடந்தாள். சாகும்வரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நல்லா இருக்காம்மா?" மகள் அட்டையை நீட்டுகிறாள்.

அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், என்ன எழுதியிருக்கிறாள் என்று படிக்கிறேன்.