மாப்பிள்ளை வீட்டுத் திராட்சரசம்

சித்தூர் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பைபிளில் இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானா ஊர்க் கல்யாணத்தில் ரசம் மாப்பிள்ளையின் பொறுப்பாம். பந்திவிசாரிப்புக்காரன் ருசி பார்த்துவிட்டு அவனைக் கூப்பிட்டுத்தான் பேசினானாம். அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, இங்கேயும் ரசம் மாப்பிள்ளை வீட்டிலிருந்துதான் வரவேண்டும் என்பார்கள். போதை கீதை ஒன்றும் கிடையாது. கறுப்புத் திராட்சையைப் பட்டை, கிராம்பு, சர்க்கரை போட்டுக் காய்ச்சின சாறு. பந்தி விசாரிக்கிறவர் முதல் மடக்குக் குடித்து, எல்லார் முன்னாலும் மாப்பிள்ளையிடம் ருசியைச் சொன்ன பிறகுதான் இலையில் பிரியாணி விழும்.

அந்த வேலை எப்போதும் ஆண்களுடையது. முட்டி வலியால் மூப்பர் ஸ்டான்லி ஒதுங்கியதும், பாகாலா ஜங்ஷனில் மெஸ் நடத்தும் ஞானசௌந்தரியின் பெயர் அடிபட்டது. அவள் மெஸ்ஸில் குழம்பில் உப்புக் கூடினால் வாடிக்கையாளர் வாயைத் திறக்கும் முன் அவளே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட நாக்கு. என்ன இருந்தாலும் பொம்பளையாயிற்றே என்று நாலு பேர் முனகினார்கள். ஸ்டான்லியும், பிளெஸ்ஸி கல்யாணத்துக்கு மட்டும் பார்க்கட்டும் என்று இழுத்தபடிதான் பந்தி விசாரிக்கிறவருக்கு அடையாளமான தன் வெள்ளை டவலை அவள் தோளில் போட்டார். இன்று ஒரு சின்னப் பிசகு நடந்தாலும் அந்த டவல் திரும்ப வராது. அது அவளுக்குத் தெரியும்.

ஆலயத்தில் தாலி ஏறியாயிற்று. சனம் பந்தியில் உட்கார்ந்தாயிற்று. ரசம் எங்கே என்று கேட்டால், மணப்பெண் பிளெஸ்ஸியின் அப்பா எர்னஸ்ட் தலையைச் சொறிகிறார்! மாப்பிள்ளை கிளாட்வின் குடும்பத்தார் ஸ்ரீசிட்டி தொழிற்சாலை வேலைக்காகக் காஞ்சிபுரத்திலிருந்து சூளூர்பேட்டைக்கு வந்தவர்கள். இந்த வழக்கம் அவர்களுக்கு எப்படித் தெரியும்? எர்னஸ்ட் சொல்லியிருக்க வேண்டும். பெண்ணைக் கொடுக்கிறவன் மாப்பிள்ளை வீட்டாரிடம் அது கொண்டு வா, இது கொண்டு வா என்று எப்படிக் கேட்பது என்று மனுஷன் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டுவிட்டார்.

கடையில் வாங்கி வந்து ஊற்றலாம் என்றார். ஞானசௌந்தரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கடைச் சரக்கை மாப்பிள்ளை வீட்டு ரசம் என்று இவள் நாக்கு சொல்லுமா? இல்லை என்று அறிவித்தாலோ, வந்த சம்பந்திகளுக்கு வாழ்நாள் முழுக்க ஏச்சுப்பேச்சு. கானாவிலும் ரசம் தீர்ந்ததை முதலில் கவனித்தது ஒரு பெண்தான் என்று நினைத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் அம்மா டெபோராவைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அழுவாதீங்க சம்பந்தி. நீங்க எத்துக்கினு வந்த சீர்த்தட்டுல என்னா பழம் இருக்குது?"

திராட்சை இருந்தது! குலை குலையாகக் கறுப்புத் திராட்சை. டெபோரா பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அண்டாவின் முன் உட்கார்ந்து, இரண்டு கையாலும் பிழிந்தாள். ஆளுக்கு ஒரு மடக்குதான் தேறும்போலிருந்தது. தண்ணீர் கலக்கலாமா என்று தயங்கிக் கேட்டாள்.

"தண்ணிய ரசமாக்க நான் யாருங்க? ஒரு மடக்குன்னாலும் உங்க ரசமாவே இருக்கட்டும்."

காய்ச்ச நேரமில்லை. சர்க்கரையை மட்டும் போட்டுக் கலக்கி வடிகட்டினார்கள். ரசம் பந்திக்கு வந்தது. ஞானசௌந்தரி குடித்தாள். ஐயோ, என்ன புளிப்பு! ஸ்டான்லி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கிளாட்வின் பக்கம் திரும்பினாள்.

"மாப்ளே, ரசம் புளிக்குது. பொய் சொல்ல மாட்டேன். ஆனா உங்கம்மா பட்டுப்பொடவையோட குந்திக்கினு, இப்பத்தான் தன் கையால புழிஞ்சாங்க. இந்தச் சபைல இத்தினி வருஷமா இப்பிடி ஒரு ரசம் வந்ததில்ல."

சிவந்து கறைபட்ட தன் கைகளை முந்தானையில் மறைக்கப்போன டெபோரா, மறைக்காமல் நின்றாள். கூடமே கைதட்டியது. ஸ்டான்லி குடித்து, ஒரு கண்ணை இறுக்கி மூடினார். பிறகு டம்ளரை நீட்டினார். "இன்னொரு மடக்கு ஊத்தும்மா."

பந்தி முடிந்ததும் ஞானசௌந்தரி டவலை மடித்து அவரிடம் கொண்டுபோனாள். ஓரத்தில் திராட்சைக் கறை.

"என்கிட்ட ஏன் குடுக்கற?" என்றார் அவர். "தொவச்சி நீயே வெச்சுக்கோ. அடுத்த கல்யாணத்துக்கு எத்துக்கினு வா."

சாயங்காலம் பாகாலா பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தெரிந்தவர்கள் ஏறி, இதென்ன தோளில் டவல் என்று கேலி செய்தார்கள். பாகாலாவில் இறங்கும்வரை அவள் அதை எடுக்கவே இல்லை.